நாடி 126, பி.பி. 98/80: அடுத்து என்ன செய்வாய்?

“டெங்குக் காய்ச்சல்: வரையறை, காரணம், அறிகுறிகள், சிகிச்சை, செவிலியர் பராமரிப்பு ஆகியவற்றை விவரிக்கவும். 15 மதிப்பெண்.”

நர்சிங் தேர்வு எழுதிய எவருக்கும் இந்தக் கேள்வியின் முகம் பழக்கமானது. டெங்கு இருக்கும் இடத்தில் ஒருமுறை நிமோனியா வரும், இன்னொருமுறை மாரடைப்போ சிறுநீரகச் செயலிழப்போ வரும். மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். பிள்ளைகள் எழுதும் பதிலும் அப்படியே இருக்கும். ஏடிஸ் கொசு, நான்கு வகை வைரஸ், அறிகுறிகள், பரிசோதனைகள், பராமரிப்பு என்று நீலமும் கறுப்புமாக அடிக்கோடிட்டு நான்கு பக்கம் நிரப்பிவிடுவார்கள். திருத்துகிறவருக்குக் குறை சொல்ல இடமிருக்காது. பதினொன்றோ பன்னிரண்டோ போட்டுவிட்டு அடுத்த தாளை எடுப்பார்.

அப்படி எழுதிய பெண்ணை மழைக்காலத்தில் குழந்தைகள் வார்டுக்கு அழைத்துப் போய், ஒரு டெங்குப் படுக்கையின் முன் நிறுத்தி, “இந்தப் பிள்ளை எப்படி இருக்கிறான்?” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சார்ட்டைப் பார்த்து எண்களை வாசிப்பாள். எண்கள் சேர்ந்து என்ன சொல்கின்றன என்று அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. அவள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் குறை முழுவதும் நாம் கேட்கும் கேள்விகள் மீதுதான்.

நான் முதலில் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து, பிறகு கற்பிக்க வந்தவள். வேலை பார்த்ததெல்லாம் காவிரிப் பாசனப் பகுதியில். மழை பிடித்தால் டெங்கு வரும். வயல் வேலை மும்முரமானால் பாம்புக்கடியும் பூச்சிக்கொல்லி நஞ்சும் வரும். பிரசவ வார்டு ஆண்டு முழுவதும் நிரம்பியிருக்கும். எங்கள் பிள்ளைகள் படித்து முடித்துப் பார்க்கப்போவதும் இந்த நோயாளிகளைத்தான். அதனால் இவர்களை வைத்தே சொல்கிறேன்.

வகுப்பில் நான் கரும்பலகையில் எழுதிப்போடும் ஒரு கேள்வி இது. ஒன்பது வயதுப் பையன். காய்ச்சல் தொடங்கி 5-ஆம் நாள். காலை 6 மணிக்கு வெப்பநிலை 102, நாடி 112, பி.பி. 100/64. 10 மணிக்கு வெப்பநிலை 99, நாடி 126, பி.பி. 98/80. பி.சி.வி. நேற்று 38, இன்று 46. பக்கத்தில் இருக்கும் அம்மா, “காய்ச்சல் விட்டுடுச்சு சிஸ்டர், இப்பதான் அசந்து தூங்குறான்” என்கிறார். இப்போது நீ என்ன செய்வாய்?

பாதிக்கு மேற்பட்டவர்கள், காய்ச்சல் குறைந்திருக்கிறது, பி.பி. சரியாக இருக்கிறது, நீராகாரம் கொடுக்கச் சொல்லிவிட்டுத் தொடர்ந்து கண்காணிப்பேன் என்று எழுதுவார்கள். அம்மாவின் நிம்மதி அவர்களையும் தொற்றிக்கொள்கிறது.

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்பேன். காய்ச்சல் மூன்று டிகிரி இறங்கியிருக்கிறது. அப்படியானால் நாடியும் இறங்கியிருக்க வேண்டுமே, ஏன் ஏறியது? அறை அமைதியாகிவிடும். பி.பி.யில் மேலே உள்ள எண் 98, ஒன்பது வயதுக்கு அது பரவாயில்லை. கீழே உள்ள எண்ணைப் பார்த்தாயா? காலையில் இரண்டுக்கும் இடைவெளி 36. இப்போது 18. டெங்குவில் அந்த இடைவெளி 20-க்கோ அதற்குக் கீழோ சுருங்கினால் அது அதிர்ச்சி நிலை. ரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசிகிறது. உடம்பு குழாய்களை இறுக்கிப் பிடித்து மேல் எண்ணைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. குழந்தைகளின் உடம்பு இப்படிக் கடைசிவரை தாங்கும். பிறகு சட்டென்று சரியும். பி.சி.வி., அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 38-லிருந்து 46 ஆனது அந்தக் கசிவுக்கான சாட்சி. நீர் போனதால் ரத்தம் கெட்டிப்பட்டிருக்கிறது, ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். “அசந்து தூங்குறான்” என்று அம்மா சொன்னது தூக்கமா, துவட்சியா? எழுப்பிப் பார்த்தாயா? பாதத்தைத் தொட்டாயா, சில்லென்று இருக்கிறதா? நகத்தை அழுத்திவிட்டால் சிவப்பு திரும்ப இரண்டு விநாடிக்கு மேல் ஆகிறதா? கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தான் என்று கேட்டாயா?

கேட்கக் கேட்க அவர்கள் முகத்தில் ஒரு மாற்றம் தெரியும். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான கட்டம் என்பது அவர்களுக்குத் தெரியாத செய்தி அல்ல. நான்கு பக்கப் பதிலில் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருப்பார்கள். அது ஒரு தலைப்புக்குக் கீழே உறங்கிக்கொண்டிருந்தது. 99 என்ற எண்ணைக் கண்டதும் விழித்துக்கொள்ள அதற்கு யாரும் பழக்கம் கொடுக்கவில்லை.

அந்தக் கேள்வி அங்கே முடிவதில்லை. பையனுக்கு ட்ரிப் ஏற்றியாயிற்று, நாடி இறங்கிற்று, கை கால் சூடாயிற்று. இரண்டு நாள் கழித்து வயிறு சற்று உப்பியிருக்கிறது, மூச்சு நிமிடத்துக்கு 38, சிறுநீர் தாராளமாகப் போகிறது. ட்ரிப் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது? கசிந்த நீர் குழாய்களுக்குள் திரும்பிக்கொண்டிருக்கும் நேரம் அது. நேற்று உயிரைக் காத்த அதே ட்ரிப் இன்று நுரையீரலில் நீர் சேர வழி செய்துவிடும். டாக்டரிடம் சொல்லி அதைக் குறைக்க வேண்டும், நிறுத்தவும் வேண்டியிருக்கலாம். ஒரே நோய், ஒரே பையன், இரண்டு நாளில் நேர் எதிரான இரண்டு முடிவுகள். “டெங்கு நோயாளிக்குச் செவிலியர் பராமரிப்பு” என்று பட்டியல் போட்டால் இது எப்படி அடங்கும்?

மனப்பாடத்தை நான் பழிக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வயதுக்கு வயது நாடி எவ்வளவு, மூச்சு எவ்வளவு, எந்த மருந்துக்கு எது மாற்று மருந்து என்பதெல்லாம் நடு இரவில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். எண் தெரியாதவளால் எண்ணை வைத்து யோசிக்க முடியாது. நினைவில் இருப்பதைத் தேவையான நொடியில் எடுத்துப் பயன்படுத்துவது தனி வேலை, அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்பதே நான் சொல்வது. அந்தப் பயிற்சியைத் தரக்கூடியது கேள்விதான். தேர்வில் எது கேட்கப்படுகிறதோ அதைத்தான் பிள்ளைகள் படிப்பார்கள், அதைத்தான் ஆசிரியர்களும் நடத்துவார்கள். நாற்பது நாள் அறிவுரை சொல்லியும் மாறாதது வினாத்தாளில் ஒரு வரி மாறினால் மாறிவிடும்.

எந்த மருத்துவமனையின் டி.பி.ஆர். சார்ட்டையும் எடுத்துப் பாருங்கள். வெப்பநிலை ஏறி இறங்கும், நாடி ஏறி இறங்கும். மூச்சு மட்டும் வார்டு முழுக்க 20 அல்லது 22. நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் நின்று எண்ணுவதற்கு அங்கே யாருக்கும் நேரமில்லை. எண்ணியதற்கு மதிப்பும் இல்லை. ஆனால் உடம்பு கெடப்போவதை முன்கூட்டிச் சொல்வதில் மூச்சுக்கு ஈடான குறி அதிகம் கிடையாது. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் வெளியிட்டு 2017-இல் திருத்திய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில், வயதுவந்தவருக்கு மூச்சு நிமிடத்துக்கு 25 ஆனால் அந்த ஒன்றுக்கே உச்சமான 3 மதிப்பெண் விழும். அப்படி விழுந்தாலே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். நம் பிள்ளைகளுக்கு “சுவாச வீதத்தை அளவிடும் முறையை எழுதுக” என்ற கேள்வி வருகிறது. “மூச்சு காலையில் 18, மதியம் 22, இப்போது 27, மற்ற எல்லாம் சரியாக இருக்கிறது, இவரை நீ எதற்காகக் கவலையோடு பார்ப்பாய்?” என்ற கேள்வி வருவதில்லை. அது ஒரு முறை வரட்டும், சார்ட்டில் 20 என்று சும்மா எழுதுகிற கை தயங்க ஆரம்பிக்கும்.

இந்தத் தொழில் தொடக்கத்திலேயே கண்டுகொண்ட விஷயம்தான் இது. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் எழுதிய நர்சிங் நூலில், நோயாளியைக் கூர்ந்து கவனிப்பதற்கென்றே ஓர் இயல் ஒதுக்கினார். பதிலைக் கேள்வியிலேயே வைத்துக் கேட்பதை அதில் கண்டிக்கிறார். நன்றாகத் தூங்கினாரா என்று கேட்டால் ஒன்றும் தெரியவராது, எத்தனை மணி நேரம் தூங்கினார், இரவில் எந்த நேரத்தில் என்று கேட்க வேண்டும் என்பது அவர் கருத்து. நம் வார்டுகளில் காலை ரவுண்ட்ஸில் “நல்லா இருக்கீங்களா, வலி இல்லையே?” என்கிறோம். “இல்லம்மா” என்கிறார் பெரியவர். வெள்ளைச் சீருடைக்கு முன்னால் அவர் வேறென்ன சொல்வார்?

பிரசவ வார்டுக்கு வருவோம். இருபத்து மூன்று வயது. இரண்டாவது பிரசவம். குழந்தை பிறந்து நாற்பது நிமிடம் ஆகிறது. நாடி 118, பி.பி. 106/70. பேட் ஒன்று நனைந்திருக்கிறது, அவ்வளவுதான். “தாகமா இருக்கு சிஸ்டர், கொஞ்சம் தண்ணி குடுங்க” என்கிறார். பிள்ளைகளில் பலர் தண்ணீர் கொடுப்பார்கள். பிரசவக் களைப்பு என்று எழுதுவார்கள். 118-ஐ 106-ஆல் வகுக்கச் சொல்வேன். ஒன்றுக்கு மேல் வருகிறது. பிரசவித்த பெண்ணிடம் அந்த விகிதம் 0.9-ஐத் தாண்டினாலே விழித்துக்கொள்ள வேண்டும். இளம் உடம்பு, கர்ப்பத்தில் ரத்த அளவும் கூடியிருக்கும். ஒரு லிட்டருக்கு மேல் போன பிறகும் பி.பி. நல்ல பிள்ளையாக நிற்கக்கூடும். நாடிதான் முதலில் ஓடும். வயிற்றில் கை வைத்தாயா, கருப்பை கெட்டியாக இருக்கிறதா, மெத்தென்று கிடக்கிறதா? சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அது கருப்பையைச் சுருங்க விடாது, பார்த்தாயா? பேட் ஒன்றுதான் நனைந்தது சரி, முதுகுக்கு அடியில் கை விட்டுப் பார்த்தாயா? ரத்தம் முன்பக்கம்தான் வர வேண்டும் என்று யார் சொன்னது?

அனுபவப்பட்ட ஒரு சிஸ்டர் இதையெல்லாம் யோசிப்பதாகவே தெரியாது. அறைக்குள் நுழைந்ததும் அவர் கை இடுப்புக்கு அடியில் போகும். மறு கை வயிற்றை அழுத்தித் தேய்க்கத் தொடங்கியிருக்கும். வாய் ஒருத்தியை ஆக்ஸிடோசின் எடுக்கவும், இன்னொருத்தியை டாக்டரைக் கூப்பிடவும், மூன்றாமவளை இரண்டாவது ஊசி போடவும் சொல்லிக்கொண்டிருக்கும். டிரானெக்ஸாமிக் அமிலம் கொடுப்பதென்றால் பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதால் கண் கடிகாரத்தைப் பார்த்திருக்கும். அமெரிக்காவின் பேட்ரிசியா பென்னர், செவிலியர் ஒருவர் கற்றுக்குட்டியிலிருந்து தேர்ந்தவராக வளர்வது எப்படி என்பதை 1984-இல் எழுதிய நூலில் விவரித்தது இந்த மாதிரியான கைகளைத்தான். 2006-இல் கிறிஸ்டின் டேனர் அதை இன்னும் விரித்தார்: கண்ணில் படுவது, அதற்குப் பொருள் காண்பது, செயல்படுவது, செய்ததைத் திரும்பிப் பார்ப்பது. இந்த நான்கும் எங்கள் வார்டு சிஸ்டர்களிடம் எப்போதும் இருந்தன. அவர்கள் அதைச் சொல்லித் தரவில்லை. நாமும் அவர்களிடம் கேட்கவில்லை.

ஒரே ஒரு கேள்வி ஓர் உயிரைக் காக்கும் இடமும் உண்டு. பூச்சிக்கொல்லி நஞ்சேறி வந்தவருக்கு அட்ரோபின் போய்க்கொண்டிருக்கிறது. மார்புச் சளி வற்றிவிட்டது, அக்குள் காய்ந்திருக்கிறது, நாடி ஏறியிருக்கிறது, கண்மணி விரிந்திருக்கிறது. தேறிவிட்டார் என்று உறவினர்கள் மூச்சு விடுகிறார்கள். இரண்டாம், மூன்றாம் நாள் அவரிடம் “ஐயா, தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்க பார்ப்போம்” என்று சொல்ல வேண்டும். தூக்க முடியவில்லை என்றால் கழுத்துத் தசை தளர்கிறது. அடுத்து மூச்சுத் தசைகள் தளரலாம். நஞ்சு உள்ளே போய் 24 முதல் 96 மணி நேரத்துக்குள் இப்படி ஆவதுண்டு. எந்த இயந்திரமும் தேவையில்லை, ஒரு வாக்கியம் போதும். இதைச் சொல்லத் தெரிந்த செவிலியர் வென்டிலேட்டரைச் சரியான நேரத்தில் தயாராக வைக்கச் சொல்வார். சொல்லத் தெரியாத இடத்தில் விடியற்காலையில் மூச்சு நின்ற பிறகுதான் தெரியவரும்.

அமெரிக்காவில் செவிலியர் உரிமம் பெற எழுதும் என்கிளெக்ஸ் தேர்வு 2023 ஏப்ரல் 1 முதல் மாறியிருக்கிறது. அங்கே ஒரு நோயாளியின் கேஸ் ஷீட்டையே திரையில் விரித்து வைக்கிறார்கள். செவிலியர் குறிப்பு, நாடி, பி.பி., ஆய்வக முடிவுகள் எல்லாம் இருக்கும். அதே நோயாளியைச் சுற்றி ஆறு கேள்விகள் அடுத்தடுத்து வரும்: இதில் முக்கியமானவை எவை, அவை எதைக் காட்டுகின்றன, அவற்றில் எது முதன்மையானது, என்னவெல்லாம் செய்யலாம், எதைச் செய்வாய், செய்தது பலித்ததா என்று எப்படி அறிவாய். மணி ஆக ஆக நோயாளியின் நிலையும் மாறும். பாதி சரியாகச் சொன்னால் அதற்கேற்ற மதிப்பெண்ணும் உண்டு. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குத் தீர்மானிக்கும் திறன் போதவில்லை என்ற கவலையில் பல ஆண்டு ஆய்ந்து அவர்கள் செய்த மாற்றம் இது.

நம் பெண்கள் பலர் அந்தத் தேர்வை எழுதுகிறார்கள். அதற்காகத் தனிப் பயிற்சி மையத்தில் பணம் கட்டிச் சேர்கிறார்கள். நான்காண்டு நம்மிடம் படித்தபோது கிடைக்காததை, அந்நிய நாட்டுக்குப் போக வேண்டும் என்றபோது விலை கொடுத்து வாங்குகிறார்கள். திருவாரூரிலோ பெரம்பலூரிலோ வேலை பார்க்கப்போகிறவளுக்கு அந்தப் பயிற்சி வேண்டாமா? அவள் கவனிக்கப்போவது யாருடைய அம்மாவை, யாருடைய பிள்ளையை?

கொள்குறி வினா என்றாலே யோசனையைத் தூண்டும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதுவும் சரியல்ல. அரசுப் பணித் தேர்வுகளுக்கும் வளைகுடா நாட்டுத் தேர்வுகளுக்கும் விற்கும் தடித்த வினா வங்கிகளைப் புரட்டுங்கள். எந்த வைட்டமின் குறைவால் எந்த நோய், எந்த நரம்பு எத்தனையாவது என்பதே நிறைய. பத்தாயிரம் வினாவை மனப்பாடம் செய்தால் பத்தாயிரம் மனப்பாடம், அவ்வளவே. ஆனால் அதே வடிவத்தில் நல்ல கேள்வியும் கேட்க முடியும். வலிப்பு வந்த கர்ப்பிணிக்கு மெக்னீசியம் சல்பேட் அடுத்த டோஸ் போடும் நேரம். முழங்கால் தட்டிப் பார்க்கிறாய், கால் துள்ளவில்லை. டாக்டரிடம் சொல்வது, மூச்சை எண்ணுவது, டோஸைப் போடாமல் நிறுத்துவது, கால்சியம் குளுக்கோனேட்டை எடுத்து வைப்பது: இவற்றில் முதலில் எது? “மேடம், நாலுமே சரிதானே?” என்று பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். எனக்கு மிகவும் பிடித்த சண்டை அது. நாலும் சரிதான், ஆனால் கையில் சிரிஞ்ச் இருக்கிறது. முதலில் அதைக் கீழே வை. மற்ற மூன்றும் அதற்கடுத்த நிமிடத்துக்குள்.

கணக்குக் கேள்வியையும் இப்படி உயிரோடு கேட்கலாம். இன்சுலின் குப்பி மில்லிக்கு 40 யூனிட். கையில் கிடைத்தது ஆரஞ்சு மூடி போட்ட 100 யூனிட் சிரிஞ்ச். பத்து யூனிட் போடச் சொல்லியிருக்கிறார்கள் என்று பத்தாவது கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 4 யூனிட்தான். குப்பி 100 யூனிட்டாகவும் சிரிஞ்ச் சிவப்பு மூடி போட்ட 40 யூனிட்டாகவும் மாறிப்போனால் அதே பத்தாவது கோட்டில் 25 யூனிட் போய்விடும். சூத்திரம் எழுதச் சொல்வதைவிட, “இந்தப் பாட்டிக்கு நடுராத்திரியில் வியர்த்துக் கொட்டுகிறது, பேச்சு குழறுகிறது, ட்ரேயில் என்ன கிடந்தது பார்” என்று கேட்டால் சூத்திரமும் வந்துவிடும்.

பிள்ளைகள் போஸ்டிங்கில் எழுதும் கேர் பிளானைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. சீனியரின் ரெக்கார்டு ஜூனியருக்குப் போகிறது. படுக்கை எண்ணும் தேதியும் மாறுகின்றன. காசநோய்க்காரருக்கும் ஆஸ்துமாக்காரருக்கும் ஒரே வாக்கியம், ஒரே இலக்கு, ஒரே “நோயாளி ஓரளவு தேறினார்”. அழகான கையெழுத்துக்கு நாம் கையொப்பம் இடுகிறோம். அரைப் பக்கம் போதும் என்று நான் சொல்லிவிட்டேன். இன்று இந்த ஒரு நோயாளியிடம் நீ எதைக் கண்டு கவலைப்பட்டாய், ஏன், உன் எண்ணம் தவறாக இருந்தால் வேறு என்னவாக இருக்கும், அதை எதை வைத்துக் கண்டுபிடிப்பாய் என்று மட்டும் எழுதச் சொல்கிறேன். தமிழில் எழுதினாலும் ஏற்கிறேன். கிராமத்துப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவந்த பெண், ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் புத்தக வரியைத் தேடுகிறாள். தமிழில் எழுதச் சொன்னால், “பெரியவர் நேற்று என்னோடு பேசினார், இன்று பேசும்போது வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்குகிறார்” என்று எழுதுகிறாள். எந்த ஆய்வகமும் தராத தகவல் அது. பிறகு அதை ஆங்கிலத்தில் கேஸ் ஷீட்டில் எழுதக் கற்றுக்கொடுப்பது எளிது.

யோசிப்பது டாக்டரின் வேலை, செவிலியர் சொன்னதைச் செய்தால் போதும் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் கேள்வி கேட்கவே கூசுகிறார்கள். நோய் எது, சிகிச்சை எது என்று முடிவு செய்வது மருத்துவர்தான், அதில் போட்டியில்லை. ஆனால் டியூட்டி டாக்டர் ஒருவர் பல வார்டுகளைப் பார்க்கிறார். இரவு இரண்டு மணிக்கு அப்படி ஒரு பையனின் பாதம் சில்லிடும்போது அருகில் இருப்பது செவிலியர். அவர் கண்டு சொன்னால்தான் டாக்டரின் அறிவு அந்தப் படுக்கைக்கு வந்து சேரும். சொல்வதும் ஒரு கலை. “சார், டெங்கு பையன் ஒரு மாதிரி இருக்கான், வந்து பாருங்க” என்றால், “வர்றேன், ட்ரிப் போகட்டும்” என்று பதில் வரும். “சார், குழந்தைகள் வார்டு. ஒன்பது வயது டெங்கு, ஐந்தாம் நாள், நாலு மணி நேரத்துல காய்ச்சல் விட்டிருக்கு. நாடி 126, பி.பி. 98/80, இடைவெளி 18, பாதம் சில்லென்று இருக்கு, ராத்திரியிலிருந்து யூரின் போகலை. ஷாக்குக்குப் போறான்னு நினைக்கிறேன். உடனே வாங்க சார். வர்றதுக்குள்ள என்ன ஃப்ளூயிட் போடட்டும்?” என்றால் அவர் ஓடி வருவார். நிலைமை, பின்னணி, கணிப்பு, வேண்டுகோள் என்ற இந்த வரிசை அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து மருத்துவமனைகளுக்கு வந்தது. மாணவியைத் தொலைபேசியில் பேசச் சொல்லியே மதிப்பெண் போடலாம். இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021 பாடத்திட்டத்தில் நிலையத்துக்கு நிலையம் நகர்ந்து செய்துகாட்டும் ஆஸ்கி தேர்வுக்கு இடமிருக்கிறது. அதில் ஒரு நிலையத்தில் ஒரு தொலைபேசி வைத்தால் போதும்.

இன்னொரு மறுப்பு நியாயமானது. ஒரு சிஸ்டர் நாற்பது, ஐம்பது பேரைப் பார்க்கும் வார்டில் யோசிக்க எங்கே நேரம்? லிண்டா ஐகன் குழுவினர் பென்சில்வேனியா மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சை நோயாளிகளை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டது இதற்குச் சாட்சி. செவிலியர் ஒருவருக்கு ஒரு நோயாளி கூடும்போது, முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. ஆள் போடாமல் யோசி, யோசி என்று பிள்ளைகளை மட்டும் நெருக்குவது அநியாயம். காலியிடங்களை நிரப்புங்கள் என்ற செவிலியர்களின் குரலோடு என் குரலும் சேர்ந்தே இருக்கிறது. ஆனால் ஐம்பது பேரில் முதலில் யாரிடம் போவது என்று தெரிந்துகொள்ள இந்தப் பயிற்சியே வழி. கூட்டம் அதிகமான வார்டில்தான் இது அதிகம் தேவைப்படுகிறது.

திருத்துவது கடினம், ஆளுக்கு ஆள் மதிப்பெண் மாறும் என்று சக ஆசிரியர்கள் சொல்வதை மதிக்கிறேன். பல்கலைக்கழகத் தாளில் இது வர நாளாகலாம். உள் மதிப்பீட்டுத் தேர்வு நம் கையில் இருக்கிறதே. ஒவ்வொரு தேர்விலும் ஒரு கேள்வி, ஒரு நோயாளி, இரண்டு நேரத்து எண்கள், வீட்டார் சொன்ன ஒரு வாக்கியம். எதைக் கவனித்தாள் என்பதற்குத் தனி மதிப்பெண், ஏன் என்பதற்குத் தனி, முதலில் எதைச் செய்தாள் என்பதற்குத் தனி என்று இரண்டு ஆசிரியர்கள் உட்கார்ந்து விடைக்குறிப்பு எழுதினால் வித்தியாசம் வெகுவாகக் குறையும். நாங்கள் செய்து பார்த்திருக்கிறோம். முதல் தேர்வில் அழுத பிள்ளைகள் அடுத்ததில் கேள்வியைத் தாங்களே தயாரித்துக்கொண்டு வருகிறார்கள்.

ஆசிரியர் வார்டில் இருக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது. பத்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்று கவுன்சிலின் விதி சொல்கிறது. போஸ்டிங் பதிவேட்டில் அந்த விதி நிறைவேறும். காலை கையெழுத்து வாங்கிவிட்டு ஆசிரியர் கல்லூரி அலுவலக வேலைக்குத் திரும்பிவிட்டால், மாணவிகள் படுக்கை விரிப்பதும் சாம்பிள் கொண்டு போவதுமாக நாளை முடிக்கிறார்கள். டியூட்டி மாறும்போது நடக்கும் ஹேண்டிங் ஓவரில் மாணவி பக்கத்தில் நின்று, இன்றிரவு யாரைப் பற்றி அதிகம் பயப்படுகிறாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லட்டும். பத்து நிமிடம் போதும்.

நம் வார்டுகளுக்குப் பொருந்தும் கேள்விகள் நம் வார்டு சிஸ்டர்களிடம்தான் இருக்கின்றன. வெளிநாட்டுப் புத்தகத்தில் கட்டுவிரியன் கடித்து விடியற்காலை வயிற்றுவலியோடு வந்து, கடித்த தடமே இல்லாமல், இமை மெல்லச் சரிகிற விவசாயக் கூலித் தொழிலாளி இருக்க மாட்டார். எங்கள் ஊர்களில் அவரைப் பார்த்த சிஸ்டர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவராக ஓய்வுபெற்றுப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லூரியும் மாதம் ஒருவரை அழைத்து, பெயரும் அடையாளமும் நீக்கி, மறக்க முடியாத ஒரு கேஸைச் சொல்லக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். எந்த நேரத்தில் எதைப் பார்த்தீர்கள், ஏன் சந்தேகம் வந்தது என்று கேட்க வேண்டும். அதற்கு அவர்களுக்கு உரிய மதிப்பூதியம் கொடுக்க வேண்டும். எழுதியதைப் பக்கத்து மாவட்டக் கல்லூரிகளோடும் பகிர்ந்துகொள்ளலாம். இந்தக் கல்வியாண்டுக்குள் தொடங்கினால், இப்போது முதலாண்டில் இருக்கும் பிள்ளைகள் இறுதியாண்டுக்கு வரும்போது அவர்கள் கையில் தமிழ்நாட்டு வார்டுகளின் கேள்விகளே இருக்கும்.